உப்பளத்துக்கு ஒரு குட்டி எஞ்சின்: தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது?

மண்டபம் லேத்:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். முழுக்க விசைப்படகு வேலை: ஷாஃப்ட் கடைவது, புஷ் போடுவது, கிளாண்ட் மாற்றுவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகெல்லாம் கரையேறிவிடும். ஊரே ஓய்வெடுக்கும் அந்த 61 நாளும் எனக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. படகு திரும்பக் கடலுக்குப் போன பிறகுதான் லேத் எனக்கென்று கிடைக்கும். அப்படிக் கிடைத்த சாயங்காலங்களில் மூன்று வருடமாக ஒரு நீராவி எஞ்சின் செய்துகொண்டிருக்கிறேன்.

பாம்பன் பாலத்தில் மீட்டர்கேஜ் கரி எஞ்சின் ஊர்ந்து போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் அந்தப் பெரிய எஞ்சினைத்தான் செய்வேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். என் கண் போனது வேறு பக்கம். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் பாட்டியாலா மோனோரயில் எஞ்சினைப் பார்த்திருக்கிறீர்களா? ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் என்ற ஜெர்மன் கம்பெனி செய்தது. பாரமெல்லாம் ஒற்றைத் தண்டவாளத்தின் மேல், சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் ரோட்டில் உருளும். மாட்டுவண்டியும் ரயிலும் கூடிப் பெற்ற பிள்ளை மாதிரி இருக்கும். அதன் முன்னால் ஒரு மணிநேரம் நின்றேன். கூட வந்தவர்கள் போய் டீ குடித்துவிட்டே வந்துவிட்டார்கள். ஒவ்வொரு இடத்தின் வில்லங்கத்துக்கும் ஒருவன் உட்கார்ந்து யோசித்து ஒரு எஞ்சின் செய்திருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதிலிருந்து கரும்பாலை, சுரங்கம், கல்குவாரி என்று ஆலைகளுக்குள் ஓடிய குட்டி எஞ்சின்கள் மேல்தான் பைத்தியம்.

என் கற்பனை இதுதான். வாலிநோக்கம் பக்கத்து உப்பளம். பாத்தியிலிருந்து அம்பாரத்துக்கு உப்பு ஏற்றிப் போக 2 அடி அகலத்தில், அதாவது 610 மி.மீ. கேஜில், ஒரு குட்டி லைன். அங்கே அப்படி ஒன்று ஓடியதாக நான் சொல்லவில்லை. ஓடியிருந்தால் எஞ்சின் எப்படி இருந்திருக்கும்? அதைத்தான் செய்ய ஆசை.

அளவு அடிக்கு 16 மி.மீ. என்று எடுத்துக்கொண்டேன். அதாவது 19இல் ஒரு பங்கு, தண்டவாளம் 32 மி.மீ. சேஸிஸ் 3 மி.மீ. தகட்டில் அறுத்தாயிற்று. நான்கு சக்கரமும் வார்ப்பிரும்பில் கடைந்தாயிற்று. முதலில் ஒரு இணையக் கடையில்தான் சக்கரம் வாங்கினேன். 32 என்று தெளிவாக எழுதிக் கேட்டதற்கு 45 மி.மீ. செட் வந்தது, திருப்பியும் எடுக்கவில்லை. சரி, நம்ம லேத் எதற்கு இருக்கிறது என்று நானே கடைந்துவிட்டேன்.

அப்புறம் சேணத் தொட்டி. குதிரை முதுகில் சேணம் போடுகிற மாதிரி பாய்லர் மேல் கவிழ்ந்து உட்காருமே, அது. பித்தளைத் தகட்டைப் பிவிசி பைப் மேல் வைத்து வளைத்தேன். பின்பக்கத்திலிருந்து காம்பஸ் முனையால் குத்தி 164 ரிவெட் தலை எழுப்பினேன். ஆறு ராத்திரி ஆனது. பார்க்க ரொம்ப அழகு, படம் போட்டிருக்கிறேன்.

அழகாக இருக்கிறது என்பதைத் தவிர அந்தத் தொட்டி அங்கே இருக்க என்ன காரணம் என்று நேற்று மகன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இங்கே வந்தேன். உப்புக்காற்று, மணல், வெயில், நல்ல தண்ணீருக்குப் பஞ்சம், விறகுக்குச் சீமைக்கருவேலம். இப்படி ஓர் இடத்துக்கு எஞ்சின் வாங்கப் போனால் எந்த மாதிரியை வாங்குவீர்கள்? தொட்டி எங்கே, நெருப்பு எரிகிற பயர்பாக்ஸ் எப்படி, புகைபோக்கி எப்படி?

பொன்மலை ஃபிட்டர்:

தம்பி, உங்கள் மகன் கேட்டதுதான் சரியான கேள்வி. அவனை விட்டுவிடாதீர்கள்.

நான் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீலகிரி மலை எஞ்சினெல்லாம் எங்களிடம்தான் வரும். குட்டி எஞ்சினில் எனக்கு அனுபவம் குறைவு. ஆனால் தண்ணீரும் நெருப்பும் எல்லா எஞ்சினிலும் ஒன்றுதான்.

சேணத் தொட்டிக்குக் காரணம் உண்டு. குட்டி எஞ்சினில் பாரம் முழுக்கச் சக்கரத்தின் மேல் இருந்தால்தான் பிடிப்பு கிடைக்கும். தண்ணீரைப் பாய்லர் முதுகில் ஏற்றினால் அந்தக் கனமும் சக்கரத்துக்கே போகும். இரண்டு பக்கமும் திறந்திருக்கும், கை விட்டு வேலை பார்க்கலாம். பக்கத்தொட்டி வைத்த எஞ்சினில் ஒரு நட்டைக் கழற்ற நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். டார்ஜிலிங் மலை ரயிலின் பி கிளாஸ் எஞ்சினில் முதுகில் ஒரு தொட்டி, போதாமல் சேஸிஸ் நடுவில் இன்னொரு தொட்டி. மலையேற அவ்வளவு தண்ணீர் வேண்டும், வளைவில் திரும்ப எஞ்சினும் நீளக்கூடாது. கிடைத்த பொந்தில் எல்லாம் தண்ணீரை ரொப்பினார்கள்.

ஆனால் உங்கள் ஊருக்கு அது ஒத்துவராது. காரணம் இஞ்செக்டர். பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளுவது அதுதான், அதற்குள் பம்பு கிம்பு எதுவும் கிடையாது. வருகிற நீராவி குளிர்ந்த தண்ணீரில் பட்டுச் சுருங்கினால்தான் வேகம் பிறந்து தண்ணீர் உள்ளே பாயும். தண்ணீர் சூடாக இருந்தால் நீராவி சுருங்காது. இஞ்செக்டர் "எடுக்காது" என்போம், தண்ணீரெல்லாம் கீழே கொட்டிவிடும். சித்திரை வெயிலில், எஞ்சினுக்குப் பின்னால் தனியாக வருகிற டெண்டர் வண்டியில் இருக்கிற தண்ணீரே கொதிக்கிற மாதிரி ஆகிவிடும். சாக்கை நனைத்து இஞ்செக்டர் மேல் சுற்றி, அதன் தலையில் வாளித் தண்ணீரை ஊற்றி, கெஞ்சிக் கூத்தாடி எடுக்க வைத்திருக்கிறோம். டெண்டருக்கே அந்தக் கதி. நீங்கள் தொட்டியைச் சூடான பாய்லர் மேலேயே கவிழ்த்து, மேலே மண்டபத்து வெயிலையும் காட்டப் போகிறீர்கள். பாய்லர் தண்ணீர் மட்டம் காட்டுகிற கேஜ் கிளாஸில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வரும், இஞ்செக்டர் எடுக்காது. அந்த நேரத்தில் ஃபயர்மேன் வயிற்றில் என்ன ஓடும் என்று எழுதிப் புரியவைக்க முடியாது.

கோப்பல் கம்பெனிக்காரன் இதற்கு வேறு வழி பிடித்தான். தோட்டம், ஆலை என்று உலகம் முழுக்க அவன் விற்ற குட்டி எஞ்சின்களில் பெரும்பாலும் தண்ணீர் சேஸிஸ் தகடு இரண்டுக்கும் நடுவில், கீழே இருக்கும். தண்ணீர் சூடாகாது, கனம் தரையை ஒட்டி நிற்கும், உப்பு மண்ணில் லேசாகப் போட்ட தண்டவாளத்தில் எஞ்சின் ஆடாமல் போகும். கொள்ளளவு கம்மிதான். உப்பளத்தில் என்ன, அரை மைலுக்கு ஒரு தரம் ரொப்பிக்கொள்ளலாம்.

இன்னொன்று. கிணற்று உப்புத் தண்ணீரைப் பாய்லரில் ஊற்றினால் நுரைக்கும். நுரை நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குப் போனால், தண்ணீர் அமுங்காதே, பிஸ்டன் மோதி சிலிண்டர் மூடி தெறிக்கும். உங்கள் கற்பனை உப்பளத்தில் மழைத்தண்ணீர் பிடிக்க ஓர் ஊருணியும் வெட்டிவிடுங்கள்.

கோவை நீராவி:

அண்ணா, முதல்ல அந்த 45 மி.மீ. விஷயம், ஏன்னா இதுல நிறையப் பேர் ஏமாந்திருக்காங்க. தண்டவாள அகலத்தை மட்டும் வைத்து அளவு சொல்ல முடியாதுங்க. அதே 45 மி.மீ. தண்டவாளம் 22.5இல் ஒரு பங்கு என்றால் மீட்டர்கேஜ். 32இல் ஒரு பங்கு என்றால் வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் கேஜ். 13.7இல் ஒரு பங்கு என்றால் உங்கள் 2 அடி லைன். கடைக்காரர் "பெரிய சைஸ்தானே" என்று எடுத்துப் போட்டிருப்பார். நீங்கள் பிடித்த அடிக்கு 16 மி.மீ., 32 மி.மீ. தண்டவாளம், இரண்டும் சரியான ஜோடி. 610ஐ 19.05ஆல் வகுத்தால் 32 வந்துவிடும். மாற்றாதீர்கள்.

தொட்டி பற்றி ஐயா சொன்னது பெரிய எஞ்சினுக்கு. மாடலில் கணக்கே வேறங்க. தண்ணீர் அளவில் சுருங்கும், குணத்தில் சுருங்காது. நிஜத்தில் 455 லிட்டர் பிடிக்கிற தொட்டியை உங்கள் அளவுக்குச் சுருக்கினால் 66 மில்லி. அரை கிளாஸ் டீ. அதனால் இந்த சைஸில் பெரும்பாலும் தொட்டி சும்மா வேஷத்துக்குத்தான். தண்ணீரை நேரே பாய்லரில் ஊற்றிவிட்டு, தொட்டிக்குள் பியூட்டேன் கேஸ் டேங்கை ஒளித்து வைப்பார்கள்.

நீங்கள் அதைச் செய்யவே செய்யாதீர்கள். பியூட்டேன் சுமார் 0 டிகிரியில் கொதிக்கும். குளிர்நாட்டுக்காரர்களுக்குக் கேஸ் வெளியே வராது என்பதுதான் பிரச்சினை. கேஸ் டேங்கைச் சுற்றி வெந்நீர் ஊற்றி வைக்கிறவர்கள் உண்டு. நம்ம ஊரில் நேர்மாறு. வெயிலில் வைத்தாலே அழுத்தம் எகிறும், அதைக் கொண்டுபோய்ச் சூடான பாய்லர் முதுகில் வைத்தால் பர்னர் சீறிக்கொண்டு நிற்கும். ஐயா சொன்ன இஞ்செக்டர் கதையேதான், தண்ணீருக்குப் பதில் கேஸ். டேங்கைக் கேபினில், பாய்லருக்கு எட்டாமல் வையுங்கள், நடுவில் ஒரு தடுப்புத் தகடும் போடுங்கள்.

சிலிண்டர் எவ்வளவு வைத்தீர்கள்? கெர் ஸ்டூவர்ட் கம்பெனியின் ரென் வகை குட்டி எஞ்சினுக்கு 6 அங்குல போர் (உள்விட்டம்), 9 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வருகிற தூரம்). உங்கள் அளவில் 8க்கு 12 மி.மீ. அப்படியே செய்தால் பொம்மைதான், இழுக்காது. பெரிய எஞ்சின் சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டு அழுத்தத்தில் ஓடும், நம்மது 40. அதனால் போரை 12, 14 வரை கூட்டிக்கொள்ளலாம், வெளியே தெரியாது.

பாய்லர் செம்பில். வேலை அழுத்தத்துக்கு இரண்டு மடங்கு, பச்சைத் தண்ணீரில் பம்பு அடித்து டெஸ்ட் பண்ணாமல் நெருப்புக் காட்டாதீர்கள். பாய்லரில் வால்வு, கேஜ் மாட்டுகிற புஷ் எல்லாம் வெண்கலத்தில்தான் போட வேண்டும், பித்தளை வேண்டாம்.

மண்டபம் லேத்:

ஐயா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி.

பித்தளை வேண்டாம் என்று சொன்னதும் சிரித்துவிட்டேன். இதை எங்களுக்குக் கடலே சொல்லிக் கொடுத்திருக்கிறது. புதிதாகப் படகு வாங்கியவர்கள் பளபளப்பாக இருக்கிறது என்று பித்தளை ஸ்க்ரூ போடுவார்கள். இரண்டு வருடம் கழித்துக் கழற்றினால் மஞ்சள் போய் இளஞ்சிவப்பாக, செங்கல் பொடி நிறத்தில் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திருகினால் தலை பொலபொலவென்று உதிர்ந்துவிடும். உள்ளே இருக்கிற துத்தநாகத்தைக் கடல் தின்றுவிட்டு, செம்பை மட்டும் சக்கையாக விட்டு வைத்திருக்கும். பாய்லருக்குள்ளும் அதே கூத்துதான் நடக்கும் போல. இங்கே வெண்கலத்துக்குக் குறைவில்லை. பாறையில் அடித்து இதழ் உடைந்த புரொப்பல்லர் ஒன்று பட்டறை மூலையில் கிடக்கிறது. அதன் நடுக்குடத்தை அறுத்தே என் ஆயுசுக்கு புஷ் கடையலாம். சிலிண்டரையும் அதிலேயே கடைந்துவிடுகிறேன், போர் 13.

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுத் தொட்டியைக் கழற்றி வைத்துவிட்டேன். ஆறு ராத்திரி, 164 ரிவெட். வீட்டில் "அதைக் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கொடுங்கள்" என்கிறார்கள்.

இப்போது இரண்டு சந்தேகம். ஒன்று, சிலிண்டருக்குப் போகிற நீராவியைத் திறந்து மூடுகிற வால்வு கியர். சேஸிஸ் நடுவில் தொட்டி வந்தால் உள்ளே அதை ஓட்டுகிற எக்சென்ட்ரிக் வைக்க இடம் ஏது? இரண்டு, நெருப்பே இல்லாத எஞ்சின் என்று ஒன்று இருந்ததாமே, அதைச் செய்தால் என்ன? பனையோலைக் கொட்டகை பக்கம் பொறி பறக்காது.

பொன்மலை ஃபிட்டர்:

நெருப்பில்லாத எஞ்சினும் டெல்லியில் அதே அருங்காட்சியகத்தில் நிற்கிறது, சிந்திரி உரத் தொழிற்சாலையில் ஓடியது. மோனோரயில் முன்னாலேயே ஒரு மணிநேரம் நின்றதில் அதைக் கோட்டை விட்டிருப்பீர்கள். பெரிய பிளாஸ்க் மாதிரி ஓர் உருளை. பாதிக்கு மேல் வெந்நீர், அதில் ஆலையின் பாய்லரிலிருந்து நீராவியை ஏற்றி அழுத்திவிடுவார்கள். எஞ்சின் ஓட ஓட அழுத்தம் குறையும், குறையக் குறையத் தண்ணீர் தானாகக் கொதித்து நீராவி தரும். தீர்ந்தால் திரும்பி வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். நெருப்புப் பொறி ஆகாத ஆலைக்கு அருமையான சாமான். உங்கள் உப்பளத்தில் சூரியனைத் தவிர வேறு பாய்லர் உண்டா? அதனால் வேண்டாம்.

வால்வு கியர் வெளியே வர வேண்டியதுதான். ரென் எஞ்சினிலேயே ஆரம்பத்தில் ஸ்டீவன்சன் வகை வால்வு கியரை உள்ளேதான் வைத்தார்கள். பின்னால் வந்த எஞ்சின்களில் ஹாக்வொர்த் வகை கியரை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். எண்ணெய் விடுகிறவன் குனிந்து வயிற்றுக்கடியில் நுழைய வேண்டாம், எது தேய்ந்தது என்று நின்றபடியே தெரியும். ஆலை எஞ்சினுக்குத் தனி ஷெட் கிடையாது, படித்த ஃபிட்டர் கிடையாது. வேலை தெரிந்த கொல்லர் ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம். அவர் கண்ணுக்கு எல்லாம் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். வெளியே வந்தால் மணல் படும்தான். தினம் துடைக்க ஆள் போடுங்கள், கற்பனைதானே, சம்பளம் கொடுக்க வேண்டாம்.

தங்கச்சிமடம் டீச்சர்:

அண்ணே, நான் உலோகம் தொடுகிறவள் இல்லை. அட்டையும் பசையும்தான். பள்ளிப் பிள்ளைகளோடு 87இல் ஒரு பங்கு அளவில் எஞ்சின் செய்கிறோம். உங்கள் வேலையைப் படித்துவிட்டு அவர்களுக்குச் சொன்னேன், ஒரே ரகளை. (அதே அளவில் பாம்பன் பழைய பாலத்தைச் செய்யலாம் என்று ஒருத்தி கிளப்பினாள். 2.06 கிலோமீட்டர் பாலம் கிட்டத்தட்ட 23.7 மீட்டர் வருகிறது. எங்கள் வராந்தாவே போதாது. தூக்குப்பாலத்தை மட்டும் செய்வதாக ஒப்பந்தம்.)

நான் சொல்ல வந்தது புகைபோக்கியும் கூரையும் பற்றி. நீங்கள் எல்லோரும் தொட்டியிலேயே நிற்கிறீர்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவளுக்கு எஞ்சின் எந்த ஊருக்கானது என்று காட்டிக்கொடுப்பது அது இரண்டும்தான். வேல்ஸ் நாட்டுக் கற்பலகைக் குவாரிக்கு ஹன்ஸ்லெட் கம்பெனி செய்த எஞ்சின்களைப் படத்தில் பாருங்கள். சிலவற்றில் கேபினே கிடையாது, டிரைவர் மொட்டை வெளியில் நிற்பார். அங்கே அது செல்லும். வாலிநோக்கத்தில் சித்திரை மாதம் தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல் ஒரு மனுஷனை நிறுத்துவீர்களா? நாலு கம்பி நட்டு மேலே வளைந்த தகரம், சுற்றிலும் திறப்பு, அதுதான் நம்ம ஊர்க் கேபின். கூரையைப் பின்பக்கம் ஒரு முழம் கூடுதலாக நீட்டுங்கள், கரி அள்ளிப் போடுகிறவர் அங்கேதான் நிற்பார்.

கருவேலங்கரியில் புகை குறைவு, ஆனால் பொறி பறக்கும். இராமநாதபுரம் பக்கத்தில் கரி மூட்டம் போடுகிறவர்கள் காற்று வீசும்போது என்ன பாடுபடுகிறார்கள் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். கச்சான் காற்று அடிக்கிற நாளில் ஒரு பொறி போதும், கொட்டகை வரிசை முழுக்கப் போய்விடும். அதனால் நேர்க்குழாய் புகைபோக்கி வேண்டாம். மேலே குடம் மாதிரி உப்பி, உள்ளே வலை வைத்தது போடுங்கள். விறகு எரித்த ஊர்களில் எல்லாம் அப்படித்தான் வைத்தார்கள். அந்தக் குடத்தை நீங்கள் லேத்தில் ஒரே மூச்சில் கடைந்துவிடுவீர்கள். நாங்கள் அட்டையில் பதினாறு துண்டு வெட்டி ஒட்ட வேண்டும், பொறாமையாக இருக்கிறது.

ஒன்றில் மட்டும் ஐயாவோடு எனக்குச் சம்மதமில்லை. அந்த ரிவெட் தொட்டியைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். அண்ணன் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு ரிவெட்கூட வரிசை பிசகவில்லை.

பொன்மலை ஃபிட்டர்:

டீச்சரம்மா, தூக்கிப் போட நான் சொல்லவில்லை. ஆனாலும் நீங்கள் சொன்னபிறகு ராத்திரி யோசித்தேன். தம்பி, தொட்டியைத் தலைகீழாகத் திருப்புங்கள்.

விளையாட்டில்லை. ஸ்டாஃபர்டில் பேக்னல் என்று ஒரு கம்பெனி. ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும் மலிவாக எஞ்சின் செய்து தள்ளினார்கள். அவர்களுடைய ஆரம்பகால மாதிரிகளில் ஒன்றில் சேணத் தொட்டி தலைகீழாக இருக்கும். பாய்லரை மேலிருந்து மூடாமல், கீழேயிருந்து தொட்டில் மாதிரி ஏந்திக்கொண்டு நிற்கும். தண்ணீர் கீழே, கனம் கீழே, பாய்லர் முதுகு திறந்த வெளி.

அந்தக் கம்பெனி இன்னொன்றும் செய்தது, அதுதான் உங்களுக்கு முக்கியம். வழக்கமான பயர்பாக்ஸ் ஒரு பெட்டி. பாய்லரின் பின்பக்கம் கீழே தொங்கும், சுற்றிலும் ஒடுக்கமான தண்ணீர்ச் சந்து, சுவர்களைப் பிடித்து நிறுத்த நூற்றுக்கணக்கில் ஸ்டே போல்ட். உப்புப் படிவது முதலில் அந்தச் சந்தில்தான், உடைவது அந்த ஸ்டேதான். என் சர்வீஸில் பாதி அதற்கே போனது. பேக்னல்காரன் பல குட்டி எஞ்சின்களில் பெட்டியையே எடுத்துவிட்டு, கப்பல் பாய்லரில் இருப்பதுபோல் வட்டமான பயர்பாக்ஸை உருளைக்குள்ளேயே நுழைத்துவிட்டான். தொங்குகிற பெட்டி இல்லை, சந்து இல்லை. குறை என்னவென்றால் நெருப்பு எரிகிற தட்டு சின்னது, கீழே சாம்பல் விழ இடம் கம்மி. சாம்பல் நிறைய விழுகிற நம்ம நாட்டு நிலக்கரிக்குத் திணறும். கருவேலங்கரியில் சாம்பல் எவ்வளவு விழுந்துவிடப் போகிறது? உங்கள் ஊருக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது.

பெட்டி கீழே தொங்கவில்லை என்றால் அந்த இடம் முழுக்கத் தொட்டிக்குக் கிடைக்கும்.

கோவை நீராவி:

ஐயா, இது எனக்குத் தோணவே இல்லைங்க! அண்ணா, கேஸில் எரிகிற மாடல் பாய்லருக்குள்ளும் நடுவில் ஒரே ஒரு வட்டக் குழாய்தான் போகும், அதற்குள் பர்னர். அதாவது நீங்கள் வேறு வழியில்லாமல் செய்யப் போகிற பாய்லரும் பேக்னல் பாய்லரும் உருவத்தில் ஒன்று. வேஷம் போடவே வேண்டாம். 5 அங்குல கேஜில் ஸ்வீட் பீ என்று ஒரு பிரபலமான மாடல் டிசைன் உண்டு. அதுவும் பேக்னல் எஞ்சினை வைத்து, இதே வட்ட பயர்பாக்ஸோடு வரைந்ததுதான்.

கீழே வருகிற தொட்டியில் நிஜமாகவே தண்ணீர் ஊற்றலாம். அந்த 66 மில்லியை வீணாக்காமல் உள்ளே ஒரு குட்டிக் கைப்பம்பு வைத்துவிடுங்கள். ஓடும்போதே பாய்லருக்கு அடித்துக்கொள்ளலாம். ஊருணி மழைத்தண்ணீர் என்றால் உத்தமம்.

ஒருவேளை பின்னால் நிஜக் கரி போட்டு ஓட்ட ஆசை வந்தால், கருவேலங்கரியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத்தான் முதல் நெருப்பு மூட்ட வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் கரியைப் பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்குகிறார்கள், உங்களுக்கு மூட்டைக் கணக்கில் கிடைக்கும்.

மண்டபம் லேத்:

ஞாயிற்றுக்கிழமை பட்டறையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். மகனும் வந்தான்.

தொட்டியைத் திருப்பி சேஸிஸ் மேல் வைத்து, அதன் மடியில் பாய்லருக்கு எடுத்து வைத்திருந்த செம்புக் குழாயைப் படுக்கவைத்தோம். உட்கார்ந்தது பாருங்கள், உறையில் கத்தி போன மாதிரி. வளைத்ததே அந்தக் குழாய் அளவுக்குத்தானே. ஆனால் நாலு சக்கரமும் தொட்டியின் வயிற்றில் இடித்தது. சக்கரத்துக்குப் பொந்து வெட்டலாம் என்றான் மகன். வெட்டினால் தண்ணீர் எங்கே நிற்கும்? சேஸிஸ் மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் 7 மி.மீ. பட்டை வைத்துத் தூக்கினோம். இப்போது சக்கர விளிம்புக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு ஹேக்ஸா பிளேடு போய் வருகிறது. பாய்லர் 7 மி.மீ. உயர்ந்ததால் புகைபோக்கியை 7 மி.மீ. குறைத்துக்கொண்டேன். டீச்சர் சொன்ன குடத்தை வெண்கலத்தில் கடைந்து மேலே வைத்தேன். பக்கவாட்டில் பார்த்தால் சும்மாடும் குடமுமாக யாரோ தண்ணீர் எடுத்துப் போகிற மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்துவிட்டது.

தொட்டியின் திறந்த பக்கத்தை மூடி வெள்ளிப்பற்று வைத்து, தண்ணீர் ரொப்பிப் பழைய செய்தித்தாள் மேல் ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் பார்த்தால் வலது பக்க மூலையில் ஓர் ரூபாய் அகலத்துக்கு ஈரம். ஊசிமுனை ஓட்டை. அங்கே மட்டும் திரும்பப் பற்றவைக்க வேண்டும். பித்தளைத் தொட்டிதான் என்பது தெரியும். அழுத்தம் இல்லாத இடம், மழைத்தண்ணீர், என் காலம் வரை தாங்கும்.

ரிவெட் வரிசை பிசகவில்லை என்று டீச்சர் சொன்னதை வீட்டில் படித்துக் காட்டினேன். கோழிக்கு வேறு டப்பா வைத்துவிட்டார்கள். ஆனால் டீச்சர், ஒரு வருத்தமான சேதி. தொட்டி கவிழ்ந்ததில் நூற்றுச் சொச்சம் ரிவெட் கீழ்ப்பக்கம் போய்விட்டது. இனி அதைத் தண்டவாளம்தான் பார்க்க வேண்டும்.

தடைக்காலம் தொடங்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் சிலிண்டர் இரண்டையும் முடித்தால்தான் உண்டு, இல்லையென்றால் ஜூன் கடைசி ஆகிவிடும். கோவைத் தம்பி, 13 மி.மீ. போருக்கு நீராவி கசியாமல் இருக்கப் பிஸ்டனில் ஓ-ரிங் போடலாமா, கிராஃபைட் கயிறுதானா? ஓ-ரிங் என்றால் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று மட்டும் சொல்லுங்கள்.